சீ டே: கரை தெரியாத ஒரு நாள்ல கப்பலுக்குள்ள என்ன நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் குறைத்திருக்கிறோம்.)

சொகுசுக் கப்பல் பயணத்தோட அட்டவணையை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? முதல் நாளுக்கு நேரா 'சென்னை'ன்னு இருக்கும். மூணாம் நாளுக்கு நேரா வேற ஒரு துறைமுகம் இருக்கும். நடுவுல வர்ற நாளுக்கு ஊர்ப் பேரே இருக்காது. 'அட் சீ'ன்னு மட்டும் போட்டிருக்கும். கப்பல்காரங்க பேச்சுல இதுக்கு 'சீ டே'ன்னு பேர். கப்பல் எந்தக் கரையையும் தொடாம முழுக்கக் கடல்லயே இருக்கிற நாள்.

இன்ஸ்டாகிராம்ல இந்த நாளைப் பத்தி ஆயிரம் ரீல் இருக்கு. மேல்தளத்துல நீச்சல் குளம், நாலு பக்கமும் நீலம், கையில ஒரு ஜூஸ். 'இன்னைக்கு ஒரு வேலையும் இல்ல'ன்னு கேப்ஷன். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சிட்டு 'கப்பல் வேலை'க்கு அலையுற பசங்க எனக்குத் தெரிஞ்சே பத்துப் பேருக்கு மேல இருக்காங்க. அந்த ரீலைப் பார்த்துட்டு ஆசைப்பட்டவங்க அதுல பாதி. அந்த ரீல்ல கேமரா திரும்பாத பக்கம் ஒண்ணு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல நம்ம ஊர்க் கப்பல். 2022 ஜூன் மாசம் சென்னைத் துறைமுகத்துலேருந்து கார்டிலியா குரூஸஸ் நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்' கப்பல் கிளம்பினது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வெச்சார். கப்பல் ஒண்ணும் புதுசு இல்ல. 1990-ல ராயல் கரீபியன் கம்பெனிக்காக பிரான்ஸ்ல கட்டினது, அப்போ அதுக்கு 'நார்டிக் எம்ப்ரஸ்'னு பேர். நீளம் 210 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. நம்ம பீச் – தாம்பரம் மின்சார ரயில்ல கிட்டத்தட்ட பத்துப் பெட்டி நீளம்னு வெச்சுக்குங்க. அதுக்குள்ள சுமார் 800 அறை.

அதுல ரெண்டு ராத்திரிப் பயணம் ஒண்ணு இருந்தது. சாயங்காலம் சென்னையில ஏறணும், மறுநாள் முழுக்கக் கடல், அதுக்கடுத்த நாள் காலையில மறுபடியும் சென்னை. அதாவது நீங்க எந்த ஊருக்கும் போகல. காசு கொடுத்து வாங்குறதே அந்த ஒரு சீ டேயைத்தான். 2023 ஜூன்ல இதே கப்பல் சென்னையிலேருந்து இலங்கைக்குப் போக ஆரம்பிச்சது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு மூணு துறைமுகம். அதுலயும் சென்னைக்கும் ஹம்பாந்தோட்டைக்கும் நடுவுல ஒரு முழு நாள் கடல்தான்.

எங்கேயும் போகாத பயணமான்னு வீட்ல பெரியவங்க சிரிப்பாங்க. அவங்க சிரிக்கிறதுல நியாயம் இருக்கு. ஏன்னா கடல் நாள் தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்ல. 'ரஜூலா'ன்னு ஒரு கப்பல், 1926-ல கட்டினது. 1970-களோட தொடக்கம் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடிக்கிட்டே இருந்தது. அதுல போன ஆயிரக்கணக்கான பேர் டெக் பயணிகள். அறை கிடையாது. தளத்துல பாயை விரிச்சுப் படுத்துக்கணும், பக்கத்துல ட்ரங்குப் பெட்டி. மலேசியாவுலயோ சிங்கப்பூர்லயோ சொந்தக்காரங்க இருக்கிற குடும்பத்துல தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, ரஜூலா பேரைச் சொன்னதும் ஒரு கதை வரும். அதுக்கப்புறம் 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு பல பேர் இறந்து போனாங்க. அதோட சென்னை – சிங்கப்பூர் பயணிகள் கப்பல் கதை முடிஞ்சது. அந்தப் பயணங்கள்ல சீ டே வரிசையா நாலு அஞ்சு நாள் வரும். யாரும் அதை ரசிக்கிறதுக்காக டிக்கெட் எடுக்கல. அக்கரை போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

இன்னைக்கும் அந்த மாதிரி ஒரு கப்பல் பயணம் நமக்கு இருக்கு, அந்தமான் கப்பல். 2024-ல போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தினாங்க. சென்னையிலேருந்து சுமார் 1,190 கிலோமீட்டர், ரெண்டரை நாளுக்கு மேல ஆகும். நான் பங்க் வகுப்புல போயிருக்கேன். ட்ரெயின்ல ஸ்லீப்பர் மாதிரி அடுக்குப் படுக்கை. ரெண்டாம் நாள் காலையில டெக்குக்கு வந்து நின்னேன். ஒண்ணுமே இல்ல. உண்மையிலேயே ஒண்ணுமே இல்ல! வட்டமா ஒரு கோடு, நடுவுல நாம.

அந்த வட்டம் எவ்வளவு பெருசுன்னு கணக்குப் போட ஒரு எளிய வழி இருக்கு. கண்ணு கடல் மட்டத்துலேருந்து எத்தனை மீட்டர் உயரத்துல இருக்கோ, அதோட வர்க்கமூலத்தை 3.57-ஆல பெருக்குங்க. தொடுவானம் எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும். ஒரு பெரிய பயணிக் கப்பலோட மேல்தளத்துல 30 மீட்டர் உயரத்துல நின்னா கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வரும். தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு மாம்பலம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமப் பார்க்கிற மாதிரி, அதுவும் எல்லாப் பக்கமும். 'எல்லையில்லாத கடல்'னு சொல்றோம், ஆனா நாம பார்க்கிற கடலுக்கு இந்த அளவுதான் எல்லை. கப்பல் நகர நகர அதுவும் கூடவே நகரும். அதனாலதான் ராத்திரி முழுக்க ஓடியும் காலையில அதே இடத்துல இருக்கிற மாதிரி தோணுது.

போன் கதையும் சொல்லிடறேன், இது காசு சம்பந்தப்பட்டது. கரையை விட்டுக் கொஞ்ச நேரம் போனதும் நம்ம சிக்னல் போயிடும். போனதும் சில கப்பல்கள்ல போன் தானாவே கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும். அதுக்கான ரோமிங் கட்டணம் வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும். துறைமுகம் கண்ணுல இருக்கும்போதே ஏரோப்ளேன் மோடுல போட்டுடுங்க. வைஃபை வேணும்னா தனியா ஆன் பண்ணிக்கலாம்.

இப்ப முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு கம்பெனி எதுக்காக ரெண்டாயிரம் பேர் வரைக்கும் ஏத்திக்கிட்டு எந்த ஊருக்கும் போகாம ஒரு நாளைக் கடல்லயே கழிக்குது?

ஒரு காரணம் தூரம், அது சில பயணங்களுக்கு மட்டும். இன்னொண்ணு எரிபொருள். கப்பல் வேகத்துக்கும் இன்ஜினுக்குத் தேவைப்படுற சக்திக்கும் நேர்க்கணக்கு கிடையாது, தோராயமா கன கணக்கு. வேகத்தைப் பாதியாக் குறைச்சா தேவைப்படுற சக்தி எட்டுல ஒரு பங்காகிடும். எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாத கப்பல் மெதுவா ஊர்ந்தாப் போதும். ஏசி, சமையல், விளக்குக்கு ஆகுற மின்சாரம் மட்டும் குறையாது, அது எப்பவும் ஓடும். துறைமுகத்துல நின்னா அதுக்கு வாடகை, வழிகாட்டிக் கப்பலோட்டி, இழுவைப் படகுன்னு தனித்தனிக் கட்டணம். கடல்ல இருந்தா அதுல எதுவும் இல்ல.

மூணாவதுதான் பெரிய காரணம்: நீங்க. துறைமுகத்துல இறங்கினா காசைக் கரையில செலவு பண்ணுவீங்க. ஆட்டோ, சாப்பாடு, ஞாபகார்த்தப் பொருள் எல்லாமே ஊர்க்காரங்களுக்குப் போகும். சீ டேல நீங்க எங்கேயும் போக முடியாது. பார், ஸ்பா, கடை, கேசினோ எல்லாமே அன்னைக்குத்தான் நிரம்பும். கேசினோவும் வரியில்லாக் கடையும் பொதுவா துறைமுகத்துல மூடியிருக்கும். கரையிலேருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், அந்தக் கரை நாட்டோட கடல். அதைத் தாண்டினா பெரும்பாலும் கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாட்டுச் சட்டம். 2022-ல எம்ப்ரஸ் புதுச்சேரிக்கு வரப் போகுதுன்னதும் அங்க கட்சிகள்லேருந்து எதிர்ப்பு கிளம்பினதே இந்தக் கேசினோவுக்காகத்தான். புதுச்சேரியில அனுமதி கிடைக்கல, கப்பல் பயணிகளை இறக்காமலே போயிடுச்சு. அந்தப் பயணத்துல போனவங்களுக்கு எதிர்பார்க்காம இன்னும் ஒரு சீ டே கிடைச்ச மாதிரி.

கப்பலோட அடி வயித்துல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நம்ம புறநகர்ல கோடை வந்தா தண்ணி லாரிக்கு போன் போட்டுட்டுக் காத்திருக்கோம். கப்பலுக்கு எந்த லாரி வரும்? அதுவே தண்ணி தயாரிச்சுக்கும். நெம்மேலியில 2013-லேருந்து ஒரு கடல்நீர் குடிநீராக்கும் ஆலை ஓடுது, தினமும் 10 கோடி லிட்டர் திறன். 2024 பிப்ரவரியில 15 கோடி லிட்டர் திறனோட இன்னொண்ணையும் திறந்தாங்க. தென் சென்னையில பல பேர் குடிக்கிறது அந்தத் தண்ணிதான். அங்க நடக்கிற சவ்வு வழி வடிகட்டல்தான் பல கப்பல்கள்லயும் சின்ன அளவுல நடக்குது. இன்னொரு முறையும் உண்டு. இன்ஜினைக் குளிர்விச்சு வர்ற சூடான தண்ணியோட வெப்பத்தை வெச்சே கடல் தண்ணியை ஆவியாக்குறது. கொப்பரைக்குள்ள காற்றழுத்தத்தைக் குறைச்சுட்டா தண்ணி 100 டிகிரிக்கு ரொம்பக் கீழேயே கொதிச்சுடும், தனியா எரிபொருள் வேண்டாம். துறைமுகத்துத் தண்ணி அழுக்குங்கிறதால இந்த வேலையெல்லாம் கடல் நடுவுலதான். நீங்க குளத்துப் பக்கம் சாய்ஞ்சிருக்கிற அந்த நேரத்துல கீழ தொட்டி நிரம்பிக்கிட்டு இருக்கும்.

கழிவுக்கும் அதே கதைதான். மார்போல்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலேருந்து 12 கடல் மைலுக்குள்ள விடக்கூடாது. அதுக்கு அப்பாலயும் கப்பல் 4 நாட் வேகத்துக்குக் குறையாம ஓடிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும். பொடியா அரைச்ச சாப்பாட்டுக் கழிவுன்னா 3 கடல் மைல் தாண்டினாப் போதும். பிளாஸ்டிக் எங்கேயுமே கூடாது. ஆக, மேல இருந்து பார்த்தா ஒண்ணும் நடக்காத நாள், கீழ இருக்கிறவங்களுக்கு எல்லா வால்வும் திறக்கிற நாள். கடல்ல கொட்ட அனுமதி இருக்குங்கிறதே எனக்கு உவப்பா இல்ல. நல்ல சுத்திகரிப்பு வெச்சிருக்கிற கப்பல்களும் இருக்கு, ஆனா விதி கேட்கிறது இவ்வளவுதான்.

சரி, மனுஷங்களுக்கு வருவோம். எம்ப்ரஸ் அளவு கப்பல்ல 600 பேருக்கு மேல வேலை செய்வாங்க. என் சித்தி பையன் ஒருத்தன், செம்பாக்கத்துக்காரன், ஒரு வெளிநாட்டுக் கப்பல்ல கேபின் ஸ்டூவர்டா மூணு கான்ட்ராக்ட் முடிச்சிருக்கான். ரூமைச் சுத்தம் பண்ணி, படுக்கை விரிச்சு, டவலை யானை மாதிரி மடிச்சு வைக்கிற வேலை. அவனுக்கு 18 ரூம். ஒவ்வொண்ணுக்கும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

இந்த எபிசோடுக்காக அவன்கிட்ட சீ டே எப்படி இருக்கும்னு கேட்டேன். "அண்ணா, போர்ட் டேன்னா எட்டரைக்கெல்லாம் ஜனங்க இறங்கிடுவாங்க. மடமடன்னு பதினெட்டு ரூமையும் ஒரு மணிக்குள்ள முடிச்சிடலாம். சீ டேல பதினோரு மணி வரைக்கும் தூங்குவாங்க. கதவுல 'தொந்தரவு செய்யாதீர்'னு அட்டை தொங்கும். வண்டியைத் தள்ளிக்கிட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துக்கிட்டே இருக்கணும். ஒரு கதவு திறக்கும், உள்ள ஓடணும். அதை முடிக்கிறதுக்குள்ள சாயங்கால ரவுண்டு வந்துடும்." அவன் சொன்னதுல எனக்கு மறக்காத விஷயம் இன்னொண்ணு. ஊழியர்கள் தங்குற அறைகள் பெரும்பாலும் பயணிகள் தளத்துக்குக் கீழ இருக்கும், ஜன்னல் கிடையாது. வேலை பார்க்கிற தாழ்வாரத்துலயும் கிடையாது. "மூணு நாள் தொடர்ந்து கடல்லயே இருந்திருக்கோம், நான் கடலையே பார்க்கலண்ணா"ன்னான்.

சாப்பாட்டுப் பிரிவுக்கும் இதே நிலைதான். துறைமுக நாள்ல மதியச் சாப்பாட்டுக்குப் பாதிக் கூட்டம் இருக்காது. சீ டேல காலை டிபன், பதினோரு மணி காபி, மதியச் சாப்பாடு, நாலு மணி கேக், ராத்திரி விருந்துன்னு அத்தனை பேரும் உள்ளேயேதான். கேசினோ ஊழியருக்குத் துறைமுக நாள்தான் ஓய்வு, சீ டேல இடைவிடாத வேலை. கப்பலை ஓட்டுறவங்களுக்கும் இன்ஜின் அறைக்காரங்களுக்கும் மட்டும் எல்லா நாளும் ஒண்ணுதான். பொதுவா நாலு மணி நேரம் பணி, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு.

இதுல ஓரளவு பெரிய கப்பல்கள்ல இன்னொரு கொடுமை, கடிகாரம். கரீபியன் பக்கம் குளிர்காலம் முழுக்க ஓடின கப்பல்களை ஏப்ரல் மாசம் வாக்குல மத்தியத் தரைக்கடலுக்குக் கொண்டு போவாங்க. அட்லாண்டிக்கைக் கடக்கும்போது ஆறு ஏழு சீ டே வரிசையா வரும். கிழக்கு நோக்கிப் போறதால அதுல பல ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க. அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். பயணிகள் ஒரு மணி நேரம் லேட்டா எழுந்துக்குவாங்க. காலை டிபன் பரிமாறுறவருக்கு அந்த ஒரு மணி நேரம் தூக்கத்துலேருந்துதான் போகும். இலையுதிர் காலத்துல மேற்கே திரும்பிப் போகும்போது ஒவ்வொரு மணியாத் திரும்பக் கிடைக்கும், அதுக்குள்ள பல பேருக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சு வீடு வந்திருப்பாங்க.

இதுக்கு எல்லை போட ஒரு சட்டம் இருக்கு. 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எம்.எல்.சி.ன்னு சொல்வாங்க. இந்தியா 2015-ல அதை ஏத்துக்கிட்டுது. அது ரெண்டு வழி சொல்லுது, கப்பலோட கொடிநாடு ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்கலாம். ஒண்ணு, வேலை நேரத்துக்கு உச்சவரம்பு: எந்த 24 மணி நேரத்துலயும் 14 மணி, 7 நாளுக்கு 72 மணி. இன்னொண்ணு, ஓய்வுக்குக் குறைந்தபட்சம்: 24 மணி நேரத்துல 10 மணி, 7 நாளுக்கு 77 மணி. ரெண்டும் ஒண்ணு போலத் தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். அதுல 77 போனா மிச்சம் 91. ரெண்டாவது வழியில வாரத்துக்கு 91 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கினாலும் சட்டத்துக்குள்ளதான் இருக்கு. கரையில ஒரு தொழிற்சாலைக்கு உச்சவரம்பு 48. அந்தப் பத்து மணி ஓய்வையும் ரெண்டாப் பிரிக்கலாம், ஆனா ஒரு பகுதி குறைஞ்சது ஆறு மணி நேரமாவது இருக்கணும். அதாவது தொடர்ந்து தூங்கக் கிடைக்கிறது அந்த ஆறு மணிதான்னு நினைச்சுக்கங்க. பெரும்பாலான கான்ட்ராக்ட் ஆறுலேருந்து ஒன்பது மாசம். அதுல வாரவிடுமுறைன்னு ஒரு நாள் கிடையாது. நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் அப்படின்னு இடையிடையே கிடைக்கிறதுதான் விடுமுறை.

அதுலயும் வாரா வாரம் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலை விட்டு வெளியேறுற பயிற்சியும் நடத்தணும். இது எனக்குச் சரின்னு படுது. 2012 ஜனவரியில இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தாங்க. அந்தச் சமயத்துல அன்னைக்குத்தான் ஏறியிருந்த பயணிகள் பல பேருக்கு லைஃப் ஜாக்கெட் பயிற்சியே நடந்திருக்கல. அதுக்கப்புறம்தான் கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சியை முடிச்சாகணும்னு விதியை மாத்தினாங்க. அந்தப் பயிற்சிக்கு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. உங்களுக்கு அது அரை மணி நேரம், ஊழியருக்கு அவரோட ஓய்வு நேரம்.

நிஜமான அமைதியான சீ டே ஒண்ணு வந்தது, 2020-ல. மார்ச் மாசம் உலகம் முழுக்கப் பயணிக் கப்பல்கள் நின்னுபோச்சு. பயணிகளை இறக்கிட்டாங்க, ஊழியர்களை இறக்க எந்தத் துறைமுகமும் தயாரா இல்ல. நீச்சல் குளம் காலி, தியேட்டர் காலி, மேல்தளத்துல யாரும் இல்ல. அந்த வருஷக் கடைசியில உலகம் முழுக்க, சரக்குக் கப்பல்களையும் சேர்த்து, சுமார் 4 லட்சம் கடலோடிகள் கான்ட்ராக்ட் முடிஞ்சும் கப்பல்லயே மாட்டியிருந்ததா சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. நம்மாட்கள் கதை ஒண்ணு. 'மரெல்லா டிஸ்கவரி'ங்கிற கப்பல் மும்பைக்குப் பக்கத்துல கடல்லயே காத்துக்கிட்டு இருந்தது. அதுல இருந்த 140-க்கு மேற்பட்ட இந்திய ஊழியர்களை ஏப்ரல் 23-ம் தேதிதான் இறங்க விட்டாங்க. ஊரு கண்ணுக்கு எட்டுற தூரத்துல இருக்கு, இறங்க முடியாது. என் சித்தி பையன் வேற ஒரு கப்பல்ல மூணு மாசம் இப்படி இருந்தான். முதல் தடவையா அவனைப் பயணிகள் அறையில தங்க வெச்சாங்க, பால்கனியோட. தினமும் கடலைப் பார்த்தானாம். சித்திக்கு வீடியோ கால்ல அந்தப் பால்கனியைக் காட்டினான். சித்தி கடலைப் பார்க்கல, "எப்படா வருவ?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க.

இவ்வளவு சொன்னதும் 'அப்ப போகவே கூடாதா?'ன்னு கேட்பீங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவன் ரெண்டு கான்ட்ராக்ட்ல வீட்டுக் கடனை அடைச்சான், தங்கச்சியைப் படிக்க வெச்சான். தங்குறதும் சாப்பாடும் இலவசம்ங்கிறதால சம்பளம் முழுசா மிஞ்சும். ஆனா கண்ணைத் திறந்துக்கிட்டுப் போகணும். முதல் கான்ட்ராக்டுக்கு ஒரு ஏஜென்ட்டுக்கு அவன் ஒன்றரை லட்சம் கொடுத்தான். கொடுத்திருக்கவே வேண்டாம். எம்.எல்.சி. தெளிவாச் சொல்லுது: வேலை வாங்கித் தர்றதுக்காகக் கடலோடிகிட்ட ஏஜென்ட் கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், சி.டி.சி.ங்கிற கடலோடி அடையாளப் புத்தகம் இதுக்கான செலவை மட்டும் நாம பார்த்துக்கணும். விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியோடதுதான். தீயணைப்பு, முதலுதவி, கடல்ல உயிர் பிழைக்கிறதுன்னு அடிப்படைப் பயிற்சிகள் இருக்கு, அதுக்கான கட்டணம் நம்ம கையிலேருந்து போகும். ஆனா அதை அங்கீகாரம் உள்ள பயிற்சி மையத்துல நேராக் கட்டி ரசீது வாங்குங்க. ஏஜென்ட் கையில கொடுக்காதீங்க.

இந்தியாவுல கப்பலுக்கு ஆள் அனுப்ப ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் வேணும், அதுக்கு ஆர்.பி.எஸ்.எல்.னு பேர். டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்துல லைசென்ஸ் உள்ளவங்க பட்டியல் இருக்கு. உங்ககிட்ட பேசுறவர் கொடுக்கிற நம்பரும் கம்பெனிப் பேரும் அதுல அப்படியே இருக்கான்னு பாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நகருங்க. 'டூரிஸ்ட் விசாவுல போய் அங்க ஏறிக்கலாம்'னு யாராவது சொன்னா அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க. சந்தேகம்னா மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் அலுவலகம் ராஜாஜி சாலையில இருக்கு. தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா கடைசி ஸ்டேஷன் பீச், அங்கேருந்து நடக்கிற தூரம்தான்.

கான்ட்ராக்ட் கையில வந்ததும் நாலு வரியை விரல் வெச்சுப் படிங்க. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு? டிப்ஸைச் சேர்த்து ஒரே தொகையாச் சொன்னா பிரிச்சுக் கேளுங்க. வேலை நேரமா, ஓய்வு நேரமா, எதை வெச்சுக் கணக்கு? எத்தனை மாசம்? முடிஞ்சதும் ஊர் திரும்புற டிக்கெட் யார் செலவு? சட்டப்படி அது கப்பல் முதலாளி செலவு. கையெழுத்துப் போட்ட பிரதி ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும், அதோட நகல் வீட்ல ஒருத்தர்கிட்ட இருக்கணும். கப்பல் பேரு, கம்பெனிப் பேரு, ஏஜென்ட் லைசென்ஸ் நம்பர் மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி வீட்டு பீரோவுல வெச்சுட்டுப் போங்க. சீ டேல உங்க போன் எடுக்காது. அன்னைக்கு வீட்ல யாருக்காவது அவசரம்னா அவங்க கூப்பிட வேண்டிய இடம் அந்தப் பேப்பர்லதான் இருக்கும்.

சி.டி.சி.க்கு விண்ணப்பிக்கிறது எப்படின்னு பல பேர் கேட்டிருக்கீங்க. அதைப் படிப்படியா அடுத்த எபிசோடுல சொல்றேன்.